சாம்சோ: கவலைப்படாமலே காரியத்தில் இறங்கிய தீவு

டென்மார்க்கின் காட்டெகாட் கடலில் சாம்சோ என்றொரு தீவு இருக்கிறது. பரப்பு 114 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 4,000, நம் பக்கத்து ஊராட்சி ஒன்றின் அளவுதான். புது உருளைக்கிழங்குக்கும் ஸ்ட்ராபெரிக்கும் பேர் போன ஊர். 1997-இல் அந்தத் தீவுக்கு வேண்டிய மின்சாரம் கடலடி கேபிள் வழியாக வந்துகொண்டிருந்தது, அதில் பெரும்பகுதி நிலக்கரி மின்சாரம். வீட்டைச் சூடாக்க வேண்டிய எண்ணெய் கப்பலில் வந்தது. தலைக்கு ஆண்டொன்றுக்குக் கிட்டத்தட்ட 11 டன் கரியமில வாயு வெளியே போனது. யாருக்கும் அது பற்றிப் பெரிய கவலை இருக்கவில்லை.

2001-இல் அந்தத் தீவின் நிலக்கரி, எண்ணெய்ப் பயன்பாடு பாதியாகக் குறைந்திருந்தது. அதுவரை மின்சாரம் வாங்கிய தீவு, 2003-இல் மின்சாரம் விற்கும் தீவாகியிருந்தது. 2005-இல், ஆண்டுக் கணக்குப்படி, தான் செலவழிக்கும் மொத்த ஆற்றலைவிடக் கூடுதலாகப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலை அது உற்பத்தி செய்தது.

எட்டே ஆண்டுகள். ஊர்க்காரர்கள் அதே ஊர்க்காரர்கள்தான். நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. இதை நான் எடுத்துக்கொண்டதற்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்தில் காலநிலை மாற்றம் பற்றிப் பேசச் சொன்னார்கள். கடல்மட்டம், வெப்ப அலை, மழையின் போக்கு என்று படம் போட்டுக் காட்டினேன். கூட்டம் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தது. முடிந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "ரொம்ப பயமா இருக்கு சார்" என்றார். நல்ல கூட்டம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். அதில் கட்டுரைகள் பகிர்ந்தோம். அவ்வளவுதான் நடந்தது.

புகை வரும் அறை

கவலைக்குப் பஞ்சமில்லை. இந்தியா உள்பட 10 நாடுகளில், 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 இளைஞர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 2021-இல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் வந்தது. அதில் 59 சதவீதம் பேர் காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் அல்லது அளவுகடந்து கவலைப்படுவதாகச் சொன்னார்கள். அந்த நினைப்பு அன்றாட வாழ்க்கையையே பாதிக்கிறது என்றவர்கள் 45 சதவீதத்துக்கும் மேல். இவ்வளவு கவலைக்கு ஏற்ற அளவில் செயல் நடந்திருந்தால் உலகம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பிறகு ஏன் நடப்பதில்லை? வழக்கமாகச் சொல்லும் பதில், இன்னும் போதிய அளவு பயம் வரவில்லை என்பது. என்னைப்போல் படம் காட்டுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் நம்புகிறோம். ஆனால் 1968-இல் லட்டானே, டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனை ஒன்று வேறு கதை சொல்கிறது. மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். சுவரிலிருந்த துளை வழியாகப் புகையை உள்ளே விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். கண்டும் காணாததுபோல் இருக்கும்படி முன்பே சொல்லிவைத்த இரண்டு பேர் பக்கத்தில் இருந்தபோது, எழுந்துபோனவர்கள் வெறும் 10 சதவீதம். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு அறையிலும் புகை ஒன்றுதான். பக்கத்து நாற்காலிக்காரரின் முகம்தான் வேறு.

காலநிலை விஷயத்திலும் இதே கதைதான் என்பதற்கு அண்மைக்காலக் கணக்கும் இருக்கிறது. 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரிடம் கேட்டு, 2024-இல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் வெளியிட்டார்கள். வீட்டு வருமானத்தில் மாதம் ஒரு சதவீதத்தை இதற்குத் தரத் தயாரா என்று கேட்டபோது 69 சதவீதம் பேர் தயார் என்றார்கள். உங்கள் நாட்டில் மற்றவர்கள் எத்தனை பேர் தருவார்கள் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன மதிப்பின் சராசரி 43 சதவீதம். ஆளாளுக்குத் தான் மட்டும்தான் தயார், ஊர் தயாரில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அன்று அந்தக் கூட்டத்தில் செய்தது, புகையை இன்னும் கொஞ்சம் கூட்டியதுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வழி செய்யவில்லை.

சாம்சோவில் நடந்ததை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது காற்றாலைக் கதையாகத் தெரியாது. முகம் பார்க்கவைத்த கதையாகத் தெரியும்.

பரிசு வந்தது, பணம் வரவில்லை

1997-இல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல், எரிசக்தி அமைச்சகம் ஒரு போட்டி வைத்தது. அமைச்சர் ஸ்வென்ட் அவுக்கன். ஒரு பகுதி முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாற முடியுமா, அதற்கான திட்டம் என்ன என்பதுதான் போட்டி. அன்று சந்தையில் இருந்த தொழில்நுட்பத்தை வைத்தே செய்ய வேண்டும், பத்தாண்டுக்குள் முடிக்க வேண்டும். சாம்சோவின் பேரில் திட்டத்தைத் தயாரித்தவர் ஒரு பொறியாளர். அவர் அந்தத் தீவில் குடியிருந்தவர்கூட இல்லை. மேயரிடம் பேசி, காகிதத்தில் எழுதி, அனுப்பினார். சாம்சோ ஜெயித்தது.

ஊரில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. பலருக்கு இப்படியொரு போட்டி நடந்ததே தெரியாது. பரிசு என்று பணம் கிடையாது, வரிச்சலுகை கிடையாது. "நீங்கள்தான் முன்மாதிரித் தீவு, போய் வேலையைப் பாருங்கள்" என்ற பட்டம் மட்டும்தான். நம் ஊரில் 'மாதிரி கிராமம்' என்று பலகை நட்டுவிட்டுப் போவார்களே, கிட்டத்தட்ட அந்த நிலைமை.

அந்தத் திட்டத்துக்கு முதல் ஊழியராக வந்தவர் சோரன் ஹெர்மான்சென். தீவிலேயே பிறந்த விவசாயி மகன். அங்கேயே சுற்றுச்சூழல் பாடம் நடத்திய ஆசிரியர். இந்த ஆய்வில் நான் பெயர் சொல்லும் ஊர்க்காரர் இவர் ஒருவர்தான். அதற்காக இது ஒற்றை நாயகன் கதை என்று நினைக்க வேண்டாம். அவரே அப்படிச் சொல்லிக்கொள்கிறவர் இல்லை.

அவர் செய்தது முதலில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் போனார். அது எரிசக்திக் கூட்டமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஏதோ ஒரு சங்கம் வேறு எதையோ பேசக் கூடியிருக்கும். இவர் போய் உட்கார்ந்து, கடைசியில் இந்தப் பேச்சை எடுப்பார். தானே கூட்டம் போட்டால் காப்பி உண்டு, சில நாள் இலவச பீரும் உண்டு. ஊர்க்காரர்களின் குணம் அவருக்குத் தெரியும். தீவுக்காரர்கள் பழமைப் பிடிப்புள்ளவர்கள், புதிதாக எதையும் முதல் ஆளாகச் செய்ய மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இதைத் தடையாக எடுத்துக்கொள்வது எளிது. அவர் இதையே வேலைத்திட்டமாக எடுத்துக்கொண்டார். எல்லோரும் பக்கத்து வீட்டைத்தான் பார்க்கிறார்கள் என்றால், பக்கத்து வீடு ஒன்றை நகர்த்தினால் போதும். ஊரில் எல்லோரும் மதிக்கிற, எதையும் அவசரப்பட்டுச் செய்யாத சிலர் சரி என்று சொன்ன பிறகு வேகம் தானாகவே கூடியது.

இன்னொன்று, அவர் உலகத்தைக் காப்பாற்றும் பேச்சைப் பெரும்பாலும் பேசவே இல்லை. அந்தக் காலகட்டத்தில் தீவிலிருந்த இறைச்சிக்கூடம் மூடப்பட்டுச் சுமார் 100 பேருக்கு வேலை போனது. 4,000 பேர் இருக்கும் ஊரில் 100 வேலை என்பது பெரிய அடி. இளைஞர்கள் பெருநிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஊரின் உண்மையான கவலை அது. ஆகவே பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது: எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் நாம் கொடுக்கும் பணம் கப்பலேறி வெளியே போகிறது, அதில் கொஞ்சம் இங்கேயே தங்கினால் யாருக்கு வேலை கிடைக்கும்? பாய்லர் மாட்டுகிறவர், குழாய் வேலை செய்கிறவர், கொத்தனார், வைக்கோல் வைத்திருக்கும் விவசாயி என்று பதிலும் கண்ணெதிரே இருந்தது.

இதில் குழாய் வேலைக்காரர் முக்கியம். பலரும் கவனிக்காத இடம் இது. வீட்டு பாய்லர் கெட்டுப்போனால் நீங்கள் காலநிலை அறிக்கையைப் படித்துவிட்டு முடிவெடுப்பதில்லை, வழக்கமாக வரும் ஆளிடம்தான் கேட்பீர்கள். அவர் "அந்தப் புது மாடல் எல்லாம் சரிப்பட்டு வராது, பழைய மாதிரியே போட்டுடலாம்" என்று சொன்னால் கதை முடிந்தது. சாம்சோவில் உள்ளூர்த் தொழிலாளர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார்கள். சூரிய வெப்பத் தகடு, மரத்துகள் பாய்லர், வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இழுத்துத் தரும் ஹீட் பம்ப் எல்லாம் அவர்கள் கையால் மாட்டும் சாமான்களாயின. அதன் பிறகு அவர்களே சிபாரிசு செய்தார்கள். ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களின் வீடுகளில் வெப்பம் வெளியேறாமல் அடைக்க அரசு மானியம் இருந்தது. அந்த மானியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களும் இந்த ஆட்களே.

யாருடைய காற்றாலை?

டென்மார்க்கில் அப்போதே காற்றாலை புதுசு இல்லை. காற்றாலைக்கு எதிர்ப்பும் புதுசு இல்லை. வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே 'உஷ் உஷ்' என்று சுற்றிக்கொண்டிருக்கும் பொருளை யாருக்குப் பிடிக்கும்? அதுவும் அதன் வருமானம் தலைநகரத்தில் இருக்கும் ஒரு கம்பெனிக்குப் போகும் என்றால்?

2000-இல் தீவின் நிலப்பரப்பில் 11 காற்றாலைகள் எழுந்தன, ஒவ்வொன்றும் ஒரு மெகாவாட். ஒன்றின் விலை சுமார் எட்டரை லட்சம் டாலர். ஒன்பதைத் தனி விவசாயிகள் வாங்கினார்கள். மீதி இரண்டைச் சிறு பங்குகளாகப் பிரித்து ஊர்க்காரர்களுக்கு விற்றார்கள். 2003-க்குள் தீவின் தெற்கே கடலில் 10 காற்றாலைகள் வந்தன, ஒவ்வொன்றும் 2.3 மெகாவாட், விலை ஒன்று 30 லட்சம் டாலர் அளவில். அதில் ஐந்து தீவின் நகராட்சிக்குச் சொந்தம், மூன்று தனியார் முதலீட்டாளர்களுக்கு, இரண்டு மறுபடியும் சிறு பங்குதாரர்களுக்கு. நிலத்துக் காற்றாலைகளில் சுமார் 450 ஊர்க்காரர்களுக்குப் பங்கு இருந்தது. கடல் காற்றாலைகளிலும் ஏறத்தாழ அதே எண்ணிக்கை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பங்கு வைத்திருப்பவர் காதில் இறக்கைச் சத்தம் வேறு மாதிரி விழுகிறது. காற்று பலமாக வீசும் நாளில் கப்பல் போகாதே என்று எரிச்சல்பட்டவர், இப்போது இன்றைக்கு நல்ல ஓட்டம் என்று நினைக்கிறார். முழுக் காற்றாலை வாங்க வசதியில்லாதவரும் ஒரு சிறு பங்கு வாங்கி உள்ளே வர முடிந்தது. எங்கே நிறுத்துவது என்பதையும் ஊர்க் கூட்டங்களில் பேசியே முடிவு செய்தார்கள். நிலத்தில் மூன்று இடங்களில் கொத்தாக நிறுத்தினார்கள், தீவெங்கும் சிதறவிடவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறைத்துவிட்டுப் போனால் நேர்மையாக இருக்காது. இந்தக் கூட்டம், காப்பி, பங்கு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கல் கிடந்தது. காற்றாலை மின்சாரத்தைப் பத்தாண்டுகளுக்கு நிர்ணயித்த விலையில் வாங்க வேண்டும் என்று டென்மார்க் சட்டம் உறுதி கொடுத்திருந்தது. ஆகவே வங்கியில் கடன் கிடைத்தது. விவசாயி கணக்குப் போட்டுப் பார்த்து, இத்தனை ஆண்டில் கடன் அடைந்துவிடும் என்று வீட்டில் சொல்ல முடிந்தது. 'ஊர் கூடினால் எல்லாம் நடக்கும்' என்று சாம்சோவை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தச் சட்டத்தை விட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள். ஹெர்மான்சென் எத்தனை குடம் காப்பி காய்ச்சியிருந்தாலும், அந்த விலை உறுதி இல்லாவிட்டால் 450 பேர் பங்கு வாங்கியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் அதே சட்டம் டென்மார்க் முழுவதற்கும்தான் இருந்தது. எல்லாத் தீவும் சாம்சோ ஆகிவிடவில்லை. கல் மட்டும் இருந்தால் வீடு எழும்பிவிடாது.

வைக்கோல் பாய்லரும் ஆடுகளும்

காற்றாலைதான் படத்தில் அழகாக விழும். அதனால் எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். எனக்கு இந்தக் கதையில் மனதுக்கு நெருக்கமானது வெப்ப நிலையங்கள்.

குளிர்நாட்டில் மின்சாரத்தைவிட வீட்டைச் சூடாக்குவதுதான் பெரிய செலவு. வீட்டுக்கு வீடு எண்ணெய் பாய்லர் வைப்பதற்குப் பதில், ஊருக்குப் பொதுவாக ஒரு பெரிய பாய்லர் வைத்து, சுடுநீரைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புவது டென்மார்க்கில் பழைய முறை. சாம்சோவில் இப்படி நான்கு நிலையங்கள். மூன்றில் வைக்கோல் எரிகிறது. அந்த வைக்கோல் சுற்றுப்புற வயல்களிலிருந்து வருகிறது, பணம் அந்த விவசாயிக்கே போகிறது. வடக்கே நூர்பு, மோருப் என்ற இரண்டு ஊர்களுக்கான நிலையத்தில் மரச்சில்லுகளோடு 2,500 சதுர மீட்டர் சூரிய வெப்பத் தகடுகளும் இருக்கின்றன. தகடுகளுக்கு இடையே வளரும் புல்லை ஆடுகள் மேய்கின்றன. புல்வெட்ட ஆள் கூலி மிச்சம்.

இதில் இணையச் சொல்லி எப்படிச் சம்மதிக்கவைத்தார்கள் என்பதுதான் விஷயம். குழாய் போடுவதற்கு முன்பே பெயர் கொடுப்பவர்களுக்குப் பெயரளவுக்கு ஒரு சிறு கட்டணம். நிலையம் கட்டி முடித்த பிறகு சேர வந்தால் முழுச் செலவு. கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் காத்திருந்து பார்க்கலாம் என்பவருக்குக் காத்திருப்பதற்கு ஒரு விலை இருந்தது. தெருவில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பதும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. போதிய பெயர்கள் சேராமல் நிலையம் கட்ட முடியாது. ஆகவே ஏற்கெனவே சேர்ந்தவர், பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேசுவதற்கு அவருக்கே ஒரு காரணம் இருந்தது. திட்டக்காரர் வந்து பேசுவதும் பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று பேசுவதும் ஒன்றாகுமா?

நடக்காமல் போனவை

சாம்சோவைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியைப் பொதுவாக இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பாடம் எடுத்த இடம்.

முதலாவது, சிக்கனம் நடக்கவில்லை. வீட்டுச் சுவரையும் கூரையையும் வெப்பம் போகாமல் அடைத்தார்கள், செலவு குறைந்தது. செலவு குறைந்ததும் முன்பு பூட்டிவைத்திருந்த அறைகளையும் சூடாக்கத் தொடங்கினார்கள். ஏசி ஐந்து நட்சத்திரம் வாங்கியதும் இரவு முழுக்க ஓடவிடுகிறோம் இல்லையா, அதேதான். பத்தாண்டில் தீவின் மொத்த ஆற்றல் செலவு ஏறக்குறைய அப்படியே நின்றது. ஹெர்மான்சென் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டவர். காற்றாலை எழுந்து நின்றது, பழக்கம் அசையவில்லை. எனக்குத் தோன்றுவது: எழுப்பிக் காட்டக்கூடிய செயலுக்கு ஊர் கூடும், பங்கு போடும், பெருமைப்படும். அறையின் ஹீட்டரை அணைப்பதை யாரும் பார்ப்பதில்லை, யாரும் அதற்குப் பங்குதாரர் இல்லை.

இரண்டாவது, கார்களும் கப்பல்களும். மின்சார வாகனங்கள் அந்தக் காலத்தில் எடுபடவில்லை. ஆகவே வண்டிகள் பெட்ரோலிலும் டீசலிலும் ஓடிக்கொண்டே இருந்தன. அந்த எண்ணெயை ஈடுகட்டத்தான் கடல் காற்றாலைகள்: இங்கே எரிக்கும் எண்ணெய்க்குச் சமமான காற்று மின்சாரத்தைப் பெருநிலத்துக்கு அனுப்பிவிட்டால் கணக்கு நேராகிவிடும். கணக்கில் சரிதான். புகைபோக்கியில் சரியில்லை. '100 சதவீதம்' என்று யாராவது சாம்சோவைச் சொன்னால் இந்த வரவு செலவையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும். தீவு பிறகு, 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய் போன்ற புதைபடிவ எரிபொருளையே விட்டொழிப்பது என்று அடுத்த இலக்கு வைத்துக்கொண்டது இதனால்தான்.

மூன்றாவது, இளைஞர்கள் வெளியேறுவது நிற்கவில்லை. வேலைகள் வந்தன, பார்வையாளர்கள் வந்தார்கள், 2007-இல் பாலென் என்ற ஊரில் எனர்ஜி அகாடமி என்ற மையம் திறந்து உலகமெங்கிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 2008-இல் 'டைம்' பத்திரிகை ஹெர்மான்செனைச் சுற்றுச்சூழல் நாயகர்கள் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் மக்கள்தொகை 4,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. காற்றாலை ஒரு ஊரின் எல்லா நோய்க்கும் மருந்து என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் கூட்டங்களில் அப்படி ஒரு நம்பிக்கை எழுந்துவிடுகிறது. எழுப்பாமல் இருப்பதும் கடினம்.

எது நகரும், எது நகராது

சாம்சோவின் காற்றையோ அதன் சட்டத்தையோ இங்கே கொண்டுவர முடியாது. 4,000 பேர் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊரும் நமக்கு எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் எந்த ஊருக்கும் நகரும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, யார் சொல்கிறார் என்பது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 58 ஊர்களில் வீட்டுக்கூரைச் சூரிய மின்தகடு போடும் இயக்கம் ஒன்று நடந்தது. ஒவ்வொரு ஊரிலும் தன்னார்வத் தூதர் ஒருவர் மற்றவர்களிடம் பேசுவார். 2018-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வின்படி, அந்த இயக்கத்தின் வழியாகத் தன் கூரையிலும் தகடு போட்டிருந்த தூதர்கள், போடாத தூதர்களைவிடச் சுமார் 63 சதவீதம் கூடுதலான வீடுகளைச் சேர்த்திருந்தார்கள். பேச்சுத்திறமை, படிப்பு எல்லாம் இதற்குப் பிறகுதான். 'இவர் தன் காசைப் போட்டிருக்கிறார்' என்பது ஆயிரம் ஸ்லைடுக்குச் சமம்.

இன்னொன்று, சொந்தம். இதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் பக்கத்திலுள்ள ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. கொஞ்சம் ஊராட்சி சேமிப்பு, மீதி வங்கிக் கடன். தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் வேண்டிய அளவு போக உபரியை மின்வாரியத்துக்கு விற்று, கடனையும் அடைத்தது. அதே கொங்கு நாட்டிலும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் சுற்றுகின்றன. அவற்றின் கீழே வசிப்பவரிடம் அது யாருடையது என்று கேட்டால், பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனியைக் கை காட்டுவார். ஓடந்துறையில் 'எங்களோடது' என்ற பதில் வரும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சாம்சோவில் அத்தனை காப்பி.

எங்கள் நலச் சங்கத்துக்குத் திரும்புகிறேன். அன்று நான் படம் காட்டிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒருவர், ஏற்கெனவே தன் வீட்டு மாடியில் சூரிய மின்தகடு போட்டிருந்தார். எனக்கு அது தெரியாது. சங்கத்தில் பாதிப் பேருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. நானோ அப்போது மாடியில் துணி மட்டும்தான் காயப்போட்டிருந்தேன். உலகம் அழியப்போகிறது என்று மைக் பிடித்தது நான், கூரையில் தகடு வைத்திருந்தது அவர்.

அடுத்த கூட்டத்தை அவர் வீட்டு மொட்டைமாடியில் வைத்தோம். ஸ்லைடு கிடையாது. அவருக்குத் தகடு மாட்டிக் கொடுத்த எலெக்ட்ரீஷியனையும் கூப்பிட்டிருந்தோம். போடுவதற்கு முன்பும் பின்பும் வந்த மின்கட்டண ரசீதுகளை வீட்டுக்காரர் மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். மத்திய அரசின் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு, அதற்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தோம். அவர் மனைவி எல்லோருக்கும் சுக்குக் காப்பி கொடுத்தார். இன்வெர்ட்டரில் ஓடும் எண்ணைப் பார்க்க ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். அன்று பயமாக இருக்கிறது என்று என் கையைப் பிடித்த அதே பெரியவர், தகட்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு முதல் கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா, குரங்கு ஏறி உட்கார்ந்தா தாங்குமா?"

எலெக்ட்ரீஷியன், "என் வீட்டுத் தகட்டுல தினமும் உட்காருது சார், வந்து பாருங்க" என்றார்.